முகில் ஏறிய மலையில் தமிழ் ஏறாததென்?

ஏரியும் காடும் கூடி ஏர்க்காடு ஆயிற்று. சேர்வராயன் மலைமேல் ஏறத்தாழ 5000 அடி உயரத்தமைந்த இவ்வூருக்குச் சேலத்திலிருந்து ஏறுவோர், ஏழெட்டுப் பாகை வெப்பம் குறைவதை மெய்யாலேயே உணர்வர். மேலெழும் வளி, அழுத்தம் குறையக் குறைய விரிந்து குளிர்கின்றது. அதன் நீராவி நுண்டுளியாய்த் திரண்டு முகிலாகின்றது. வளியியலின் முதற்பாடம் இம்மலைச்சரிவிலேயே எழுதப்பெற்றுள்ளது!

மலை காணுந் தொலைவில் 1997-இல் பெரியார் பல்கலைக்கழகமும் எழுந்தது. ஆயினும், இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வளியை ஆயும் தமிழ் மாணவன் கற்பதும் ஆங்கிலம். ஆய்வேடு எழுதுவதும் ஆங்கிலம். கொண்டல், கோடை, வாடை, தென்றல் என நாற்றிசைக் காற்றுக்கும் பெயரிட்ட மொழிக்குச் சொல்வளம் இல்லை என்பார் நாணுக! வாயுமண்டலம் என்பார் ஒருவர். வளிமண்டலம் என்பார் ஒருவர். காற்றுவெளி என்பார் மற்றொருவர். ஆக்கிய சொல்லை ஆய்வுக்கூடத்துள் புகுத்துவார்தாம் அரியர். தமிழன்பரும் இப்பழிக்குத் தப்பார்.

இழப்பு யாருக்கு? பங்குனி, சித்திரையில் பெய்யும் மழையால்தான் இம்மலையின் குளம்பிச்செடி பூக்கும். அம்மழையைப் பற்றிய ஆய்வு ஆங்கில ஏட்டினுள் அடங்கிவிடின், வானம் பார்த்து நிற்கும் உழவனுக்கு அதனால் என்ன பயன்? வளியியல் ஆய்வேடு தமிழிலும் எழுதப்பெற்ற பின்னரே பட்டம் வழங்கப்பெறும் எனத் தமிழகப் பல்கலைக்கழகங்கள் நெறி வகுத்தல் வேண்டும்.