புளியமரத்தடிக்கு மேனேஜர் யார்?

2003-ல் வந்த மத்திய அரசின் புகையிலைச் சட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து படித்தேன். (வேறு வேலை இல்லையா என்று வீட்டில் கேட்டார்கள். இல்லை.) பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்கிறது. சரி, பொது இடம் என்றால்? ஆஸ்பத்திரி, கோர்ட், ஆபீஸ், லைப்ரரி, ஓட்டல் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் 'திறந்தவெளி இதில் சேராது' என்று ஒரு வால். ஏழை பாழைகள் பாதி நாள் நிற்பது அந்த வாலில்தான்!

ஐந்து வருஷம் கழித்து யாருக்கோ உறைத்திருக்கிறது. 2008 அக்டோபர் 2-ல், காந்தி ஜெயந்தியன்று அமலுக்கு வந்த விதிகளில் வாலைக் கொஞ்சம் நறுக்கினார்கள். ஸ்டேடியம், ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாப் எல்லாம் வெட்டவெளியாக இருந்தாலும் பொது இடம்தான். ரொம்ப சந்தோஷம். யார் தடுப்பது?

இடத்தின் சொந்தக்காரர், இல்லாவிட்டால் மேனேஜர் என்கிறது விதி. வாசலில் 60க்கு 30 சென்டிமீட்டரில் அவர் போர்டு மாட்ட வேண்டும். ஆஷ்டிரே, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் வைக்கக் கூடாது. புகார் வந்தும் சும்மா இருந்தால் அபராதம் அவருக்கே. ஸ்கூலுக்கு ஹெட்மாஸ்டர் இருக்கிறார், ரயிலடிக்கு ஸ்டேஷன் மாஸ்டர். கிராமத்துப் புளியமரத்தடி பஸ் ஸ்டாப்புக்கு வாசல் எது, மேனேஜர் யார்? பக்கத்துப் பெட்டிக்கடையில் லைட்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. பஸ் வருகிற வரை கைக்குழந்தைக்காரிக்கும் அந்தப் புகைதான்.

பட்டணத்தில் இது இன்னும் விசேஷம். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக் கட்டடத்துக்குள் புல்தரை, நீரூற்று, செக்யூரிட்டி; ஒரு துளி புகை கிடையாது. ஏனென்றால் பிடிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறார்கள். அடுத்த பத்தடியில் பஸ் ஸ்டாப். ஷிப்ட் முடிந்த ஹவுஸ்கீப்பிங் பெண்கள் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "கொஞ்சம் தள்ளிப் போய்ப் பிடிங்கன்னு சொல்லக் கூடாதாம்மா?" என்று ஒருவரிடம் கேட்டேன்.

"எப்படி சார் சொல்றது? காலையில அவங்க டேபிளைத்தான் தொடைக்கறேன்" என்றார்.

பிடிக்கிறவர்களிலும் ஜாதி இருக்கிறது. ஏர்போர்ட், 30 அறையாவது உள்ள ஓட்டல், 30 பேர் உட்காரும் ரெஸ்டாரன்ட் இவற்றுக்கெல்லாம் புகைக்கென்று தனி அறை வைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. அந்த அறையின் புகை மறுபடி உள்ளே கலக்காமல் வெளியே தள்ளப்பட வேண்டும் என்று கண்டிப்பும் உண்டு. வெளியே இருப்பது யார் என்று விதியில் எழுதவில்லை! 2016-17 மத்திய அரசு சர்வேப்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் பீடி பிடிப்பவர்கள் நூற்றுக்கு 7.7, சிகரெட் 4. பீடிக்காரருக்கு ஏது ஏர்போர்ட்? தெருவில் மாட்டினால் 200 ரூபாய் வரை அபராதம். கண்ணாடி அறைக்காரருக்கு அது ஒரு காபி.

வெளிநாட்டிலும் கதை ரொம்ப மாறவில்லை. பிரான்ஸில் 2025 ஜூன் கடைசியிலிருந்து கடற்கரை, பூங்கா, பஸ் ஸ்டாப்பில் தடை. காபிக்கடைகளின் திறந்த முற்றத்துக்கு மட்டும் விலக்கு. காசு கொடுத்து உட்கார்ந்தால் ஊதலாம். மிலான் நகரில் 2025 ஜனவரி முதல், அடுத்த ஆள் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் ஒழியத் தெருவிலேயே பிடிக்க முடியாது. பத்து மீட்டர்! ரங்கநாதன் தெருவில் அந்தத் தூரத்துக்குள் ஒரு கல்யாணக் கூட்டமே நிற்கும்.

நம் ஊர் நிழற்குடைகளைக் கவனித்தீர்களா? நகைக்கடை விளம்பரம் பளபளக்கிறது. அந்த இடத்தை வாடகைக்கு விட, வசூலிக்க, கிழிந்தால் மாற்ற ஆள் இருக்கிறார். அவரையே அந்த ஸ்டாப்புக்கு மேனேஜர் என்று போட்டுவிடலாமே? போர்டு 60க்கு 30தான். நெக்லஸுக்குக் கீழேயே இடம் இருக்கிறது.