எல்லா வயிற்றுக்கும் ஒரே மாத்திரையா?

பயணம் கிளம்புகிறவர்கள் பையில் ஒரு பட்டை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வைத்துக்கொண்டு, வயிறு கலங்கிய உடனே விழுங்கிவிட வேண்டும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். உடல்நலம் உள்ளவருக்கு இது பெரும்பாலும் வீண்வேலை. பயணிகளின் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கிவிடும்; ஒரு லிட்டர் நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். போதும். தேவையின்றி விழுங்கினால் மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் குடலில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பலாம். தெற்காசியாவில் கேம்பைலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி அந்த மாத்திரைக்குப் பெருமளவு மசிவதும் இல்லை.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பதுதான் ஆபத்து. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குழாய்நீரில் கிரிப்டோஸ்போரிடியம் புகுந்து சுமார் 4 லட்சம் பேரைப் படுக்கவைத்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். அது ஒட்டுண்ணி, சிப்ரோஃப்ளாக்சசின் அதை ஒன்றும் செய்யாது. குளோரினுக்கும் எளிதில் சாகாது, கொதிக்கவைத்தால் சாகும். மலப் பரிசோதனையிலும் அதைத் தனியாகக் கேட்டால்தான் பல ஆய்வகங்களில் தேடுவார்கள்.

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர் நிலை இன்னும் சிக்கல். வயிற்றுப்போக்கின்போது மாற்றுறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க அவர் உண்ணும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். நீரிழப்பும் சேர்ந்து, புதிதாக வைத்த சிறுநீரகத்தையே தாக்கும். அவருக்கு உடனடித் தேவை இரத்தப் பரிசோதனை.

ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: மருத்துவமனை எட்டாத ஊருக்குப் போகும் இத்தகையவரிடம், கடுமையானால் தொடங்க அசித்ரோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் கொடுத்தனுப்புவது உண்டு. அதை எழுதித்தர வேண்டியவர் அவருடைய மருத்துவர், மருந்துக்கடைக்காரர் அல்ல. கட்டுரையாளர் புகழும், வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடோ, காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் தொடவே கூடாதது.