மழைக்காலத்துத் தரங்கம்பாடி

"ஐப்பசி மழையில் யாராவது தரங்கம்பாடிக்குப் போவார்களா? உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டார் என் நாத்தனார்.

கேட்டதில் தப்பில்லை. கடற்கரை ஊருக்கு ஜனங்கள் தை, மாசியில் போவார்கள். குடையும் கையுமாகப் போனவர்கள் நாங்கள்தான்! மாயவரத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து ஒரு நாள் மீதி இருந்தது. பஸ் ஏறிவிட்டோம்.

முன்பு ஒரு பொங்கல் விடுமுறையில் இதே ஊரைப் 'பார்த்திருக்கிறேன்'. பார்த்ததெல்லாம் மனிதர்களின் முதுகுதான். குழந்தையைத் தொலைக்காமல் வீடு திரும்பியதே பெரிய காரியம்.

இந்தத் தடவை, 1792-ல் கட்டிய நகர வாசலில் எங்களை வரவேற்றது ஒரு நனைந்த ஆடு மட்டுமே. ராஜ வீதி முழுவதும் எங்களுக்கே சொந்தம்! 1718-ல் எழுந்த புது எருசலேம் தேவாலயத்தின் முன் ஆற அமர நின்றோம். அதைக் கட்டிய சீகன்பால்கு 1706-ல் இங்கே வந்து இறங்கித் தமிழ் கற்றவர். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். பெண் குழந்தைகளுக்கும் இங்கே பள்ளிக்கூடம் வைத்தார் என்பதை நம் சகோதரிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-ல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையிலும் கூட்டமில்லை. 1845-ல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். வியாபாரம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. "அப்படியென்றால் இந்த ஊருக்கு அன்றைக்கே ஸீஸன் முடிந்துவிட்டது!" என்றார் இவர்.

மாசிலாமணிநாதர் கோயிலுக்கு வந்ததும் அவருடைய வேடிக்கைப் பேச்சு நின்றது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்த கோயில். அதன் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. வெயில் நாளில் கேட்டபோது இது எனக்குக் கதையாகத்தான் இருந்தது. இன்று, கொட்டி வைத்திருக்கும் கருங்கற்களின் மேல் அலை வந்து மோதுகிற மோதலில் என் புடவை நனைந்தது, கதையும் புரிந்தது.

பக்கத்தில் ஒரு டீக்கடை. அடுப்பை மழைக்கு ஒதுக்கி வைத்திருந்த அம்மாள் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தாள்.

"இந்தச் சத்தத்துக்கு ராத்திரியில் பயமாக இராதா?" என்று கேட்டேன்.

"சத்தம் போடுற கடலுக்கு எதுக்கும்மா பயம்? 2004-ல, டிசம்பர் 26-ந் தேதி காலையில அது சத்தமே போடலை. வீட்டு வாசல்ல கோலம்கூட அழியலை, அதுக்குள்ள வந்திருச்சு" என்றாள்.

வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூட்டமுள்ள நாளாக இருந்தால் அவளுக்குப் பேச நேரமேது? எனக்குத்தான் நிற்கப் பொறுமையேது? இன்னொரு டீ வாங்கிக் குடித்தேன். காலையிலிருந்து நாலே பேர்தான் வந்தார்களாம்.

மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புயல் எச்சரிக்கை இருந்தால் கிளம்பாதீர்கள். கடலில் காலை வைக்காதீர்கள். மாற்றுப் புடவையும் கட்டுச் சோறும் கொண்டு போங்கள். டீயை மட்டும் அங்கே வாங்கிக் குடியுங்கள். ஆளில்லாத மாதத்திலும் அந்த அடுப்பு எரிந்தாக வேண்டுமல்லவா?

ஊர் திரும்பியதும் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர், "அடுத்த ஐப்பசியில் போனால் என்னிடமும் சொல்லு" என்றார்.