பர்திமேயுவை அதட்டியவர்கள்

"ஆராதனையின் ஒழுங்கு கெடுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது" என்கிறார் நம் சபை மூப்பர். இதை என்னால் ஏற்க முடியாது.

நம் சாமல்பட்டி வழியே சரக்கு ரயில் ஹாரன் அடித்துப் போனால் பிரசங்கம் சற்று நிற்கிறது; யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் கைதட்டிக் கூவினால் மட்டும் பத்துத் தலைகள் திரும்புகின்றன. அவன் அடங்காப்பிள்ளை அல்ல. சின்ன ஆலயத்துக்குள் பெரிய ஸ்பீக்கர், டிரம்ஸ்! நமக்கு உற்சாகம் தரும் சத்தம் அவன் காதில் வலியாக இறங்குகிறது. ஒலியைக் குறையுங்கள். வாசலோரம் ஒரு பெஞ்சு போடுங்கள், எழுந்து நடக்கட்டும். ஆராதனை எந்த வரிசையில் நடக்கும் என்பதைப் படமாக வரைந்து முன்பே கையில் கொடுங்கள். இதற்கெல்லாம் காணிக்கை திரட்ட வேண்டியதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சட்டம் இருக்கட்டும், மாற்கு 10-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். எரிகோ வழியோரம் கூவிய பார்வையற்ற பர்திமேயுவை அதட்டியவர்கள் இயேசுவோடு நடந்துவந்த கூட்டத்தார்தான். இயேசு நின்றார். அவனை அழைத்துவரச் சொன்னார்.

அந்தச் சிறுவனின் தாய் மூன்று மாதமாக ஆலயத்துக்கு வரவில்லை. மூப்பர் ஐயா, அவர் வீட்டுக்கு முதலில் போக வேண்டியவர் நீங்கள்.