ஒரே நாளில் லாபம் பார்க்கும் ஆசை: 'டே டிரேடிங்' பங்கு வியாபாரத்தில் 10 பேரில் 7 பேருக்கு நஷ்டம்!

மதுரை:

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் எடுத்த மல்லியை அன்னைக்கே தள்ளிவிட வேண்டும். வைத்திருந்தால் வாடிப்போகும். பங்குச்சந்தையில் 'டே டிரேடிங்' எனப்படும் தினசரி வியாபாரமும் இதே கதைதான். காலை 9.15 மணிக்கு சந்தை திறந்ததும் வாங்கும் பங்கை, மாலை 3.30 மணிக்கு மூடுவதற்குள் விற்றாக வேண்டும். மறந்துவிட்டால் புரோக்கர் கம்பெனியே வந்த விலைக்கு விற்று கணக்கை முடித்துவிடும்.

இளைஞர்கள் படையெடுப்பு

மேலூரோ, உசிலம்பட்டியோ, கையில் செல்போன் இருந்தால் போதும், வியாபாரத்தில் இறங்கிவிடலாம். ஆனால் பங்குச்சந்தையை கண்காணிக்கும் 'செபி' அமைப்பு 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு அதிர்ச்சி ரகம். 2022-23ல் இந்த வியாபாரம் செய்த தனிநபர்களில் 10க்கு 7 பேருக்கு நஷ்டம். 2018-19ல் 18 சதவீதமாக இருந்த 30 வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு, 48 சதவீதமாக எகிறியது. இவர்களில் 76 சதவீதம் பேர் காசை விட்டவர்கள்.

அடிக்கடி வாங்கி விற்றால் அனுபவம் வந்துவிடும் என்பதும் பொய்த்துப் போனது. வருஷத்துக்கு 500 முறைக்கு மேல் வியாபாரம் செய்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான்.

காசு எங்கே போகிறது?

கையில் 20 ஆயிரம் ரூபாய் இருந்தால் 5 மடங்கு வரை, அதாவது 1 லட்சம் ரூபாய்க்கு பங்கு வாங்கலாம். விலை 2 சதவீதம் இறங்கினால் நஷ்டம் 2 ஆயிரம். சொந்தக் காசில் பத்தில் ஒரு பங்கு காலி.

ஆர்டருக்கு 20 ரூபாய் கமிஷன் என்று வைத்தாலும், வரி எல்லாம் சேர்த்து ஒருமுறை வாங்கி விற்க சுமார் 80 ரூபாய் ஆகும். தினமும் 3 முறை, மாதம் 20 நாள் என்றால் 4 ஆயிரத்து 800 ரூபாய். லாபமோ நஷ்டமோ, இது போனது போனதுதான். முதலில் கத்துக்க வேண்டிய பாடமே இந்தக் கணக்குதான்.

கிளாஸ் எடுப்பவர்கள் உஷார்

'சொல்லித் தருகிறோம்' என்று கட்டணம் வாங்குபவர்கள் மீதும் செபியின் பார்வை திரும்பியது. 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் இயங்கிய நசிருதீன் அன்சாரி தரப்பு, பாடம் என்ற போர்வையில் அனுமதியின்றி பங்கு ஆலோசனை வழங்கியதாகக் கூறி, 17.2 கோடி ரூபாயை ஒப்படைக்க 2023 அக்டோபரில் இடைக்கால உத்தரவு போட்டது. பாடம் மட்டும் நடத்துவோர் கடைசி 3 மாத விலையைக் காட்டி எந்தப் பங்கையும் பேசக்கூடாது என 2025 ஜனவரியில் சுற்றறிக்கையும் விட்டது. 'இன்னைக்கு இதை வாங்கு' என்பது பாடம் அல்ல, டிப்ஸ்!

என்ன செய்யலாம்?

கத்துக்கணும் என்பவர்கள் முதல் சில மாதம் காசு போடாமல் நோட்டில் எழுதிப் பார்க்கலாம். பங்கு வாங்கும்போதே, எந்த விலைக்கு இறங்கினால் விற்பது என்று 'ஸ்டாப் லாஸ்' போட்டுவிட வேண்டும். விட்டதைப் பிடிக்க அன்றே மறுபடி இறங்கக்கூடாது. உறுதியான லாபம் என்று ஆசை காட்டி யாராவது ஏமாற்றினால் 1930 என்ற எண்ணில் உடனே சைபர் கிரைம் போலீசுக்கு சொல்லலாம்.

மீட்டர் வட்டிக்கு வாங்கியோ, வீட்டு நகையை அடகு வைத்தோ இதில் இறங்கினால், சந்தை மூடிய பிறகும் வட்டி மட்டும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.