1729: வியந்தால் மட்டும் போதுமா?

குடந்தையில் வளர்ந்த கணித மேதை இராமானுசன், இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது, தம்மைக் காண வந்த பேராசிரியர் ஹார்டியிடம் 1729-இன் சிறப்பை எடுத்துரைத்தார். 1, 12 ஆகியவற்றின் முப்படிகளைக் கூட்டினாலும் (1+1728), 9, 10 ஆகியவற்றின் முப்படிகளைக் கூட்டினாலும் (729+1000) அவ்வெண்ணே வரும். இவ்வாறு இரு நேர்முழு எண்களின் முப்படிகளை இருவகையில் கூட்டிப் பெறும் எண்களுள் அதுவே மிகச் சிறியது.

இதனை மேடைதோறும் வியக்கின்றோம். ஆயின், அது நொடியில் தோன்றிய அற்புதமன்று. எண்களோடு இடையறாது பழகியதன் விளைச்சல். அங்ஙனம் பழகிய இளைஞர்தாம் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பிற பாடங்களைப் புறக்கணித்து, தேர்வில் தவறி, உதவித்தொகையை இழந்தார்.

ஒரு துறையில் மட்டும் ஒளிரும் மாணவர் இன்று நம் வகுப்பிற்கு வந்தால், தாங்குவோமா, தள்ளுவோமா? தாங்குவதே அம்மேதைக்குத் தஞ்சைத் தரணியினராகிய நாம் செலுத்தும் மெய்யான மரியாதையாகும்.