நட்சத்திரங்கள் வந்தால் ஆட்டம் வளருமா?

பிரபலங்கள் கையில் க்யூவைக் கொடுத்துக் கேமரா முன் நிறுத்தினால் பில்லியர்ட்ஸ் பரவும் என்பது டி.வி. தயாரிப்பாளர்களின் பழைய நம்பிக்கை. வரலாறு சொல்வது வேறு.

1978 பிப்ரவரி 14. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் அறுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் ஒரு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பில்லியர்ட்ஸ் குடும்பத்தின் அமெரிக்க வாரிசான 'பூல்' ஆட்டம். ஏபிசி டி.வி. அதை ஒளிபரப்பியது, குத்துச்சண்டை வர்ணனையில் புகழ்பெற்ற ஹோவர்ட் கோசெல் வர்ணனை செய்தார்.

ஆடியவர்களில் ஒருவர் வில்லி மாஸ்கோனி. 1941இலிருந்து 1957க்குள் 15 முறை உலகப் பட்டம் வென்றவர். 1954இல் ஒரு காட்சி ஆட்டத்தில் தொடர்ந்து 526 பந்துகளைத் தவறாமல் குழியில் தள்ளியவர். மற்றவர் ருடால்ஃப் வாண்டரோன். பெரிய பட்டம் எதையும் வென்றதில்லை. ஆனால் அமெரிக்கர்களுக்கு அவரைத்தான் தெரியும். 1961இல் வந்த 'தி ஹஸ்லர்' படத்தில் 'மினசோட்டா ஃபேட்ஸ்' என்றொரு பாத்திரம். "அது நான்தான்" என்றார் வாண்டரோன். அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டார். கதையை எழுதிய வால்டர் டெவிஸ் மறுத்தும் பயனில்லை. 1960களில் ஹாலிவுட் பிரபலங்களோடு பில்லியர்ட்ஸ் ஆடும் டி.வி. நிகழ்ச்சியே அவர் பெயரில் நடந்தது.

அன்று மாஸ்கோனி சுலபமாக ஜெயித்தார். சிரிப்பும் கைதட்டலும் வாய் ஓயாமல் பேசிய ஃபேட்ஸுக்குப் போயின. பிரபலங்களை வைத்து பில்லியர்ட்ஸை வளர்க்கலாமா என்ற விவாதத்தில் இரு தரப்புக்கும் இந்த ஒரு மாலையே சாட்சி. "பார்த்தீர்களா, எவ்வளவு கூட்டம்!" என்கிறது ஒரு தரப்பு. "கூட்டம் எதைப் பார்த்தது?" என்று கேட்கிறது மற்றது.

முதல் தரப்பின் வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் அமைதியான ஆட்டங்கள். ஓட்டமில்லை, மோதலில்லை, வியர்வையில்லை. சானல் மாற்றிக்கொண்டே போகும் கை ஒரு நிமிடம் நிற்க வேண்டுமானால் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். விளம்பரதாரரும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் பணப்பையைத் திறக்கிறார். சினிமாவின் பலமும் கண்கூடு: 'தி ஹஸ்லர்' வந்தபோதும், அதன் தொடர்ச்சியாக 1986இல் 'தி கலர் ஆஃப் மணி' வந்தபோதும் அமெரிக்காவில் பூல் கூடங்கள் நிரம்பி வழிந்தன.

ஆனால் அதே உதாரணத்தில்தான் மறுப்பும் இருக்கிறது. இரண்டு முறையும் அலை எழுந்தது; இரண்டு முறையும் அடங்கியது. பால் நியூமனைப் பார்த்து உள்ளே வந்தவர்களை அங்கேயே உட்கார வைக்க ஆட்டத்திடம் வேறு ஏற்பாடு இல்லை.

இந்தியாவில் இதற்கு ஓர் எளிய பரிசோதனை நடந்திருக்கிறது, கிரிக்கெட்டில். 2011இல் தொடங்கிய செலிபிரிட்டி கிரிக்கெட் லீகில் நடிகர்கள் மட்டை பிடித்தார்கள். முதல் ஆண்டே சென்னை அணி கோப்பையைத் தூக்கியது. ரசிகர்கள் விழுந்து விழுந்து ரசித்தார்கள். காரணம், பார்த்த ஒவ்வொருவருக்கும் சரியான கவர் டிரைவ் எப்படி இருக்கும் என்பது தெரியும். நட்சத்திரம் அடித்தால் அதன் அருமை புரிந்தது. தடுமாறினால் அதன் வேடிக்கையும் புரிந்தது.

பில்லியர்ட்ஸில் நிலைமை தலைகீழ். நல்ல அடி எது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பந்து குழியில் விழுவது மட்டுமே அவர் கண்ணுக்குப் படுகிறது. வெள்ளைப் பந்து அடுத்த அடிக்கு வசதியாக எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் ஆட்டத்தின் முழு சாமர்த்தியமும் இருக்கிறது. நடிகர் ஒருவர் தவறவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரிக்கும்போது, எவ்வளவு கடினமான அடியைத் தவறவிட்டார் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் நினைவில் தங்குவது நடிகரின் சட்டைதான். தெரிந்த ஆட்டத்துக்குப் பிரபலம் ஊறுகாய். தெரியாத ஆட்டத்துக்கு ஊறுகாயே சாப்பாடாகிவிடுகிறது.

டி.வி.யால் இந்த ஆட்டத்தை வளர்க்கவே முடியாதா? முடியும் என்று நிரூபித்த நாடு பிரிட்டன். 1960களில் அங்கே தொழில்முறை ஸ்னூக்கர் ஏறக்குறைய செத்துப்போயிருந்தது. 1964 முதல் 1968 வரை உலகப் பட்டமே ஒருவரையொருவர் சவாலுக்கு அழைக்கும் ஆட்டமாகச் சுருங்கிக் கிடந்தது. அப்போது பிபிசியின் இரண்டாவது சானலுக்குக் கலர் வந்தது. கலரின் பெருமையைக் குறைந்த செலவில் காட்ட என்ன வழி? பச்சைத் துணி, பல வண்ணப் பந்துகள், நகராத மேஜை. 1969 ஜூலையில் 'பாட் பிளாக்' பிறந்தது.

அதில் ஒரு நடிகர்கூட ஆடவில்லை. ஆடியவர்கள் எல்லாம் தொழில்முறை வீரர்கள். வாரம் ஒரே ஒரு ஃபிரேம், அரை மணி நேரத்துக்குள் முடிவு. டெட் லோவின் தணிந்த குரல் அடிக்கு அடி விளக்கியது. வாரா வாரம் பார்த்தவர்கள் தங்களை அறியாமலே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். முதல் தொடரை வென்ற ரே ரியர்டன் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, பிறகு போலீஸ்காரர். டி.வி. ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவந்து மேஜை முன் நிறுத்தவில்லை. மேஜை முன் நின்றவரை நட்சத்திரமாக்கியது.

பலன் 1985இல் தெரிந்தது. டென்னிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் மோதிய உலக இறுதி ஆட்டம் 17-17 என்று சமமாகி, கடைசி ஃபிரேமின் கடைசி கறுப்புப் பந்துக்குப் போனது. நள்ளிரவு தாண்டியும் 1 கோடியே 85 லட்சம் பேர் விழித்திருந்து பார்த்தார்கள். 1991 முதல் 2002 வரை பிபிசியில் ஓடிய 'பிக் பிரேக்' என்ற கேளிக்கை நிகழ்ச்சியும் வெற்றி பெற்றது. அங்கேயும் போட்டியாளர்களுக்காகப் பந்தைத் தட்டியவர்கள் நிஜ வீரர்கள். ஆட்டத்தை அறிந்த ஜனங்களுக்கு வேடிக்கை காட்டினார்கள், அவ்வளவுதான்.

இந்த வளர்ச்சியில் தாய் ஆட்டமான பில்லியர்ட்ஸுக்குப் பங்கு கிடைக்கவில்லை. மூன்றே பந்துகள், எண்ணற்ற நுணுக்கங்கள். கைதேர்ந்தவர் ஆடத் தொடங்கினால் எதிராளிக்கு நாற்காலிதான். 1932இல் லண்டனில் ஆஸ்திரேலியரான வால்டர் லின்ட்ரம் ஒரே பிரேக்கில் 4,137 புள்ளிகள் எடுத்தார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஜோ டேவிஸ் என்ற மாபெரும் ஆட்டக்காரர். அளவு கடந்த திறமையே ஆட்டத்துக்கு எமனானது. ஜனங்கள் ஸ்னூக்கர் பக்கம் நகர்ந்தார்கள். அண்மைக் காலத்தில் 150 புள்ளிகளோடு முடியும் குறுகிய ஆட்டங்கள் வந்ததன் நோக்கம், பார்ப்பவருக்கு ஒரு முடிவைச் சீக்கிரம் காட்டுவதுதான். எந்த நடிகரின் வருகையையும்விட இது உருப்படியான சீர்திருத்தம்.

இந்தியாவுக்கு வருவோம். இந்த ஆட்டங்களில் இந்தியாவுக்குள்ள உரிமை சாதாரணமானதல்ல. ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் யோசனையில் பிறந்தது. அதன் விதிகள் ஊட்டி கிளப்பில் ஒழுங்கு பெற்றன. 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் அமெச்சூர் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டத்தை வென்றபோது நாட்டில் தனிநபர் உலக சாம்பியன் என்பதே புதிய செய்தி. பிறகு மைக்கேல் ஃபெரைரா, 1984இல் ஸ்னூக்கரில் ஓம் அகர்வால், 1992இல் ஒரே பிரேக்கில் 1,276 புள்ளிகள் குவித்த கீத் சேத்தி. 2003இல் முதல் உலகப் பட்டம் பெற்ற பெங்களூரின் பங்கஜ் அத்வானி இரண்டு ஆட்டங்களிலுமாக 25க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களைச் சேர்த்துவிட்டார். இத்தனை உலகப் பட்டங்களை வீட்டுக்குக் கொண்டுவந்த இன்னோர் இந்தியரைச் சொல்வது கஷ்டம். ஆனால் ரயிலில் எதிர் சீட்டில் அவர் உட்கார்ந்து வந்தால் எத்தனை பேர் அடையாளம் கண்டுகொள்வார்கள்?

குறை பட்டங்களில் இல்லை, மேஜையில் இருக்கிறது. 12 அடி நீளம், 6 அடி அகலம், கற்பலகை பதித்த தளம், எடை ஒரு டன்னுக்கு மேல். அது இருக்கும் இடம் பெரும்பாலும் உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப், அல்லது மணிக் கணக்கில் கட்டணம் கேட்கும் பார்லர். நம் சினிமாவோ மேஜையைப் பணக்கார வில்லனின் மாடிப்படிக்குப் பக்கத்தில் போட்டுவைத்தது. அதே மேஜையில் நட்சத்திரங்களைச் சாய்த்து நிறுத்தும் டி.வி. நிகழ்ச்சி, "இது உனக்கான ஆட்டமல்ல" என்ற செய்தியைத்தான் மறுபடியும் சொல்கிறது. கேரம் போர்டுக்கு அந்தச் சங்கடம் இல்லை. சென்னையின் மரிய இருதயம் 1996இல் அர்ஜுனா விருது வாங்கிய அந்த ஆட்டம் தெருவில் ஸ்டூல் போட்டு வளர்ந்தது, டி.வி. தயவில் அல்ல.

சீனா இரண்டு வழிகளையும் இணைத்தது. 2005இல் பெய்ஜிங்கில் 18 வயது டிங் ஜுன்ஹுய், ஸ்காட்லாந்தின் ஸ்டீஃபன் ஹென்ட்ரியை இறுதி ஆட்டத்தில் வீழ்த்தியதை நாடு முழுக்க டி.வி.யில் பார்த்தது. அந்த உற்சாகத்தைப் பிடித்துக்கொள்ள மேஜைகளும் பயிற்சிக்கூடங்களும் பெருகின. 20 ஆண்டுகள் கழித்து 2025இல் ஜாவோ சின்டோங் சீனாவின் முதல் ஸ்னூக்கர் உலக சாம்பியன் ஆனார். இந்தியாவுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. 2013இல் தில்லியில் முதல் இந்தியன் ஓப்பன் நடந்தபோது ஆதித்யா மேத்தா இறுதிவரை வந்தார். அவரைத் தோற்கடித்தவர் அதே டிங். பிறகு மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம் என்று ஊர் ஊராக நகர்ந்த போட்டி 2019இல் கொச்சியோடு நின்றது. 1998 முதல் 2010 வரை ஆசிய விளையாட்டில் இருந்த இடமும் பிறகு பறிபோனது. பெட்ரோலிய நிறுவனங்கள் வேலை கொடுத்திராவிட்டால் பல வீரர்கள் க்யூவைப் பரணில் போட்டிருப்பார்கள்.

பிரபலங்களுக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது. 2014இல் புரோ கபடி வந்தபோது அபிஷேக் பச்சன் அணி வாங்கினார். ஆனால் களத்தில் இறங்கிப் பாடிப் போகவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து கைதட்டினார். கேமரா அவரைப் பிடித்துவிட்டு வீரர்கள் பக்கம் திரும்பியது. கிராமத்து இளைஞர்கள் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களானார்கள். நட்சத்திரம் வாசல் வரை கூட்டி வரட்டும். பந்தி பரிமாற வேண்டியவர் வீரர்.

பில்லியர்ட்ஸுக்காக யாராவது பணம் செலவழிக்க முன்வந்தால் அவர்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரு நடிகரின் ஒரு மாலைப் பொழுதுக்குக் கொடுக்கலாம். அல்லது ஒரு நகராட்சிப் பள்ளியில் ஒரு மேஜையும், வாரம் அரை மணி நேரம் தமிழிலோ இந்தியிலோ அடிக்கு அடி விளக்கும் வர்ணனையாளர் ஒருவரும் கிடைக்கச் செய்யலாம். முதல் வழியில் மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அடுத்த அத்வானி வருவதானால் இரண்டாவது வழியில்தான் வருவார்.